இது உங்கள் கடையா என்று கேட்டது

2009 ஆகஸ்ட் 12, புதன்

வெயில். காலை ஒன்பதுக்கே ஷட்டரைத் தொட முடியவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு லோடு இன்னும் வந்து சேரவில்லை. வேன் டிரைவருக்குப் போன் போட்டால், "இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்க்கா." முந்தாநாளும் இதையேதான் சொன்னார்.

விலைப்பட்டியல் புரூஃப் திருத்தம். பூச்சட்டி ஸ்பெஷல் விலை தப்பு. தரைச்சக்கரம் இரண்டு இடத்தில். அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியாச்சு.

பிறகு கம்ப்யூட்டர். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கும் அறையில் அதற்கும் ஒரு மூலை. எட்டாவதோடு நின்றவள், இதை எவரிடமும் போய்ப் படிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகம், மடியில் டிக்‌ஷனரி. இப்போது வரவு செலவெல்லாம் இதில்தான். (நோட்டிலும் எழுதி வைக்கிறேன். கரண்டை நம்ப முடியாது.)

இன்றைய வேலை வேறு. பெங்களூர் பார்ட்டி ஒருவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்: "பாய், இப்ப எல்லாரும் நெட்ல தேடித்தான் பட்டாசு வாங்குறாங்க. உங்க கடை வரவே மாட்டேங்குதே." இவர் அதைச் சோற்றோடு பிசைந்துகொண்டே என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் சொல்லிவிட்டால் அது என் வேலை.

தேடிப் பார்த்தேன். எங்கள் 'நியூ குலாப் டிரேடர்ஸ்' இல்லை. 'குலாப் டிரேடர்ஸ்' இருக்கிறது! பக்கத்துக் கடை, ப. அக்கா கடை. (பெரிய மச்சான் பொஞ்சாதி, என் ஓரகத்தி.) அக்காவுக்கு மவுஸ் பிடிக்கக்கூடத் தெரியாது. எவரும் சேர்த்தது இல்லை, டெலிபோன் டைரக்டரியிலிருந்து அதுவாக எடுத்துக்கொண்டிருக்கும் போல. எங்கள் இரண்டு கடைக்கும் பொதுவான அதே கதவு எண், அதே போன் நம்பர். வரைபடத்தில் சரியாக எங்கள் தெருவில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் ஒரு கேள்வி: இது உங்கள் கடையா?

வழி இரண்டு. புதிதாகக் கடையைச் சேர்த்தால் தபாலில் ஒரு அட்டை வரும், அதில் ஒரு எண் இருக்கும், மூன்று நான்கு வாரம் ஆகலாம். ஏற்கெனவே இருப்பதை 'ஆம், என்னுடையது' என்றால் இப்போதே போன் வரும். போனில் சொல்லும் எண்ணை அடித்தால் முடிந்தது.

தீபாவளி அக்டோபர் நடுவில். ஆர்டர் பிடிக்கிற காலம் இதுதான். நான்கு வாரத்துக்கு எங்கே போவது.

'ஆம்' அமுக்கினேன்.

உடனே மணி அடித்தது. இங்கேயும், சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கடையிலும். ஒரே லைன், இரண்டு போன். அக்கா கடையில் இல்லை. ஆனைக்குட்டம் பக்கம் ஒரு ஃபாக்டரிக்குச் சரக்குப் பேசப் போயிருந்தார். நல்லவேளை. நான் எடுத்தேன். மிஷின் குரல், பொம்பளைக் குரல், இங்கிலீஷில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னது. எழுதினேன். அடித்தேன். பச்சை டிக்.

லுஹர் தொழுகை தாமதம்.

ஆகஸ்ட் 13, வியாழன்

லோடு வந்தது. ஒரு பெட்டி நசுங்கல். திருப்பி அனுப்ப வேண்டும்.

நெட் பக்கத்தை நிரப்பினேன். கடை திறக்கும் நேரம். நான்கு போட்டோ, எல்லாம் எங்கள் கடைக்குள் எடுத்தவை. போன் என்ற இடத்தில் பொது லைனை எடுத்துவிட்டு என் செல் நம்பர். அதற்கும் செல்லில் ஒரு மிஷின் குரல், ஒரு எண். பெயருக்கு முன்னால் 'நியூ' சேர்க்கக் கர்சரைக் கொண்டுபோனேன். மாற்றினால் மறுபடி தபாலில் சரிபார்க்க நேரலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. கர்சரை எடுத்துவிட்டேன். அப்புறம் பார்க்கலாம்.

ஊரில் இரண்டு கடையையும் 'குலாப்' என்றுதானே சொல்கிறார்கள். லாரி ஆபீஸ் பில்லில்கூடப் பாதி நாள் அப்படித்தான் வருகிறது.

பாகம் பிரித்த அன்று ஜமாஅத் பெரியவர்கள் சொன்னது: மாமனார் வைத்த பெயரும், அவர் பிடித்த பழைய பார்ட்டிகளும் மூத்தவருக்கு. இளையவர் 'நியூ' போட்டுக்கொள்ளட்டும், புதுப் பார்ட்டிகளை அவரே தேடிக்கொள்ளட்டும். போன் பொது. 'குலாப்' என்று கேட்டால் அந்தப் பக்கம், 'நியூ குலாப்' என்று கேட்டால் இந்தப் பக்கம். பாத்திஹா ஓதி முடித்தார்கள். பெரிய மச்சான் இருந்தவரை அதில் ஒரு சத்தம் வந்ததில்லை. அவர் மவுத்தான பிறகு, இத்தா நான்கு மாதம் பத்து நாள் முடிந்து ப. அக்கா கடையில் உட்கார்ந்தபோதும் அப்படியேதான். ஆள் தெரியாமல் எங்களுக்கு வரும் போனை இவர் சுவரைத் தட்டி, "மதினி, ஒங்களுக்கு" என்பார்.

நெட்டைப் பற்றி அன்று ஜமாஅத்தில் யாரும் பேசவில்லை. அதுவும் உண்மைதானே.

ஆகஸ்ட் 20, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. நோன்புச் சாமான் வாங்கியாச்சு: பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, பேரீச்சை, சீரகம். மல்லி விலை அநியாயம்.

செல் அடித்துக்கொண்டே இருக்கிறது. பெங்களூர், ஓசூர், ஹைதராபாத். ஹைதராபாத்காரர் இந்தியில் பேசினார், கம்பெனி ஆட்களுக்கு கிஃப்ட் பாக்ஸ். எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தையும் செலவாகிவிட்டது. ஆனாலும் ஆர்டர் வந்துவிட்டது.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மைமூனு! நோன்பு இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள அல்லா பரக்கத்த அனுப்பிட்டான்."

"நெட்ல போட்டதுனாலங்க."

"நெட்டு யாரு போட்டது? அவன் நாடாம நெட்டாவது ஒண்ணாவது."

நான் சிரித்தேன். வாய் மட்டும்.

எடுத்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றே. "குலாபா?" நான் சொல்வதும் ஒன்றே. "ஆமாங்க." எங்கள் கடையிலும் அந்த வார்த்தை இருக்கிறது. பொய் இல்லை. பொய் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 23, ஞாயிறு. நோன்பு 1

முதல் நோன்பு நல்லபடி. தலைவலி அஸர் தொழுகைக்குப் பிறகுதான்.

சாயங்காலம் ப. அக்கா இந்தப் பக்கம் வந்தார், உளுந்த வடை கொண்டு. உட்கார்ந்ததும்: "ஏம்புள்ள, ஒங்க போனு நல்லா அடிக்குதா?"

"அடிக்குதேக்கா."

"எனக்கு இந்த வருசம் மணியே அடிக்க மாட்டேங்குது. போன வருசம் இந்நேரம் சோறு திங்க விடல. பழைய பார்ட்டி ஒருத்தரும் கூப்புடல. அவுக போனதோட எல்லாரும் மறந்துட்டாகளோ என்னமோ."

மறக்கவில்லை அக்கா. தேடுகிறார்கள். டைரியைப் புரட்டி நம்பர் எடுக்காமல், பெயரை மட்டும் நினைவில் வைத்து நெட்டில் தேடுகிறார்கள். தேடி என்னிடம் வருகிறார்கள்.

இதை வாயால் சொல்லவில்லை. வடை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 25, செவ்வாய். நோன்பு 3

அக்கா டெலிபோன் லைன்மேனை வரவழைத்துவிட்டார். அவர் இரண்டு கடை போனையும் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். கம்பத்தில் ஏறினார். இறங்கினார்.

"லைனு கண்ணாடி மாதிரி இருக்கும்மா."

"பெறகு ஏன் அடிக்க மாட்டேங்குது?"

"போனு நல்லாத்தான் இருக்கு. கூப்புடுறவகளத்தான் ரிப்பேரு பாக்கணும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். லைன்மேனுக்குக் காசு கொடுத்து, அவர் பேரனுக்கென்று ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியும் கொடுத்து அனுப்பினார். நான் எங்கள் கல்லாவுக்குப் பின்னால் செல்லைச் சத்தம் இல்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்திலேயே இரண்டு தடவை அது மேசையில் அதிர்ந்தது.

லைன்மேன் போன பிறகு அக்கா சிரிப்பில்லாமல் சொன்னது: சாத்தூர் ரோட்டுப் பெரிய டீலர் ஒருவர் கடையைக் கேட்கிறார். லைசென்ஸோடு, ஷட்டரோடு. இந்தச் சீசனுக்கு ஃபாக்டரியில் சரக்குப் பேசினால், 'புக்கிங் எம்புட்டு வந்திருக்கு, காட்டுங்க' என்கிறார்களாம். காட்ட ஒன்றும் இல்லை. நோன்புப் பெருநாள் வரை பார்ப்பாராம். அதற்குள் ஆர்டர் வரவில்லை என்றால் கடையை அவருக்கு விட்டுவிட்டு, மகள் ரிஸ்வானாவையும் கூட்டிக்கொண்டு திருச்சியில் தம்பி வீட்டோடு போய்விடுவாராம். ரிஸ்வானாவுக்குக் காலேஜ் இரண்டாம் வருடம்.

"தம்பி பொஞ்சாதி நல்லவதான். ஆனா அடுத்தவ அடுப்படியில எம்புட்டு நாளைக்கு ஒதுங்கி நிப்பேன், சொல்லு."

செல்லை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 26, புதன். நோன்பு 4

12ஆம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். 'அக்கா கடையில் இல்லை. நல்லவேளை' என்று எழுதியிருக்கிறேன்.

அன்று எழுதாமல் விட்டது: அந்த நெட் பக்கத்தைக் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். போன் வரும் என்று படித்ததும், இரண்டு கடையிலும் அடிக்குமே என்று நிறுத்தி வைத்தேன். அக்கா ஷேர் ஆட்டோவில் ஏறியதை ஷட்டருக்குள் நின்று பார்த்தேன். ஆட்டோ முக்கு திரும்பிய பிறகுதான் உள்ளே வந்து 'ஆம்' அமுக்கினேன்.

லோடு கணக்கில் ஒரு பெட்டி குறைந்தால் எழுதுகிறவள், இதை எழுதவில்லை.

ஆகஸ்ட் 28, வெள்ளி. நோன்பு 6

காற்று. தெருவெல்லாம் கலர் பேப்பர் குப்பை. துணி காயப்போட முடியவில்லை.

ஜும்ஆ தொழுகைக்கு இவர் போயிருந்தபோது செல் அடித்தது. பெங்களூர். வயதான குரல், நிதானமான தமிழ்.

"குலாப் கடைதானேம்மா? நான் இங்க ஒரு ஸ்கூல்ல வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவன். எங்க அபார்ட்மெண்ட்டுக்கு வருஷா வருஷம் உங்ககிட்டத்தான். வீடு மாத்துனதுல நம்பர் போச்சு. எம் பேரன் நெட்ல தேடிக் குடுத்தான்."

"சொல்லுங்கய்யா."

"பாய் இருக்காரா? தாடி வச்ச பெரிய பாய். போன்ல வெலை பேசினா கடைசியில அவரே கொறச்சுட்டு, 'இதுக்கு மேல கொறச்சா நீங்கதான் வாத்தியாரே எனக்குச் சோறு போடணும்'பாரு."

மச்சான் பேச்சு அப்படியே. குரல் மாதிரிகூட இருந்தது.

"அவுக மவுத்தாயிட்டாங்கய்யா. ஒரு வருசம் ஆகப்போகுது."

"அய்யோ," என்றார். "அப்ப நீங்க அவரு சம்சாரமாம்மா?"

"இல்லங்க, தம்பி வீட்டுல." அதை மட்டும் உண்மையாகச் சொன்னேன்.

"மனசத் தேத்திக்கோங்கம்மா. நல்ல மனுஷன். அந்தக் குடும்பத்துக்கே என் அனுதாபத்தைச் சொல்லுங்க. அவரு இல்லாட்டியும் நான் உங்க கடையை விட மாட்டேன். எழுதிக்கோங்க." பெரிய லிஸ்ட். எழுதிக்கொண்டேன்.

மச்சானுக்காக ஒருவர் சொன்ன துக்கத்தை நான் வாங்கினேன். அதோடு ஆர்டரையும் வாங்கினேன். இரண்டும் சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டியவை.



ஆகஸ்ட் 30, ஞாயிறு. நோன்பு 8

லுஹருக்குப் பிறகு பொம்பளைகளுக்கு மார்க்கப் பயான், மேலத்தெரு வீட்டு மாடியில். ஃபேன் ஒன்று, ஆள் நாற்பது. ஆலிமா சின்னப் பெண், கண்ணாடி போட்டவள், நன்றாகப் பேசுகிறாள். தொழுகையில் விட்டது, நோன்பில் விட்டது, அதை அல்லாஹ்விடம் அழுது கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவருடைய ஹக்கை, அவருக்குச் சேர வேண்டியதை எடுத்திருந்தால், அவரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அவர் விட்டால்தான் அவனும் விடுவான். விடிய விடிய ஓதினாலும் அது தீராது.

பின்னால் ஒருத்தி: "எம் மாமியா எங்கிட்ட எடுத்த ஹக்குக்கு அவுக எப்ப வந்து கேப்பாகளாம்?" மாடியே சிரித்தது. ஆலிமாவும் சிரித்துவிட்டாள்.

அக்கா என் பக்கத்தில்தான். சிரித்துக்கொண்டே என் முட்டியில் தட்டி, காதோடு: "ஒனக்கும் எனக்கும் அப்பிடி ஒண்ணும் இல்ல புள்ள. ஓரகத்தின்னு நாம சண்டை போட்டதே இல்லையே."

நான் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். வெக்கை என்று நினைத்திருப்பார்.

தினமும் தொழுகைக்குப் பின் இதற்காகத்தான் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய இடம் அது இல்லையாம்.

செப்டம்பர் 1, செவ்வாய். நோன்பு 10

யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

- என் போட்டோ நான்கையும் எடுத்தேன். சரி.
- செல் நம்பரை எடுத்துவிட்டுப் பழைய பொது லைனைப் போட்டேன். நம்பர் மாற்றினால் அந்த நம்பருக்கே மறுபடி போன் வரும் என்றது. எப்போது கூப்பிடட்டும் என்று கேட்டது.

அந்தப் போன் இரண்டு கடையிலும் அடிக்கும். அக்கா எடுத்தால்? ஆகவே மறுபடி நான் ஷட்டருக்குள் நிற்க வேண்டும். அக்கா ஆட்டோவில் ஏற வேண்டும். ஆட்டோ முக்கு திரும்ப வேண்டும். திருடியதைத் திருப்பி வைக்கவும் திருட்டு மாதிரியேதான் வைக்க வேண்டும்.

வைத்தாலும் அந்த நெட் பக்கம் என் பெயரில், என் பாஸ்வேர்டில்தான் இருக்கும். நாளைக்கு எனக்குப் புத்தி மாறினால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். வந்து சேர்ந்த ஆர்டர்கள் என் நோட்டிலேயே இருக்கும். அக்கா ஃபாக்டரியில் எதைக் காட்டுவார்?

சரியான வழி ஒன்றுதான். நான் 'என்னுடையது இல்லை' என்று விட வேண்டும். அக்கா தன் பெயரில் 'என்னுடையது' என்று சொல்ல வேண்டும். மிஷின் கூப்பிடும்போது அக்காவே எடுக்க வேண்டும்.

நம்பர் மாற்றத்தைச் சேமிக்காமல் கம்ப்யூட்டரை அணைத்தேன். தைரியம் இல்லை.

செப்டம்பர் 2, புதன். நோன்பு 11

இவரிடம் சொல்லிவிட்டேன். அஸருக்குப் பிறகு, கஞ்சி ஆறிக்கொண்டிருந்தபோது.

முதலில் புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது.

"யாரு ஏமாத்துனது? நெட்டுக்காரன் கேட்டான், நீ ஆமான்னுட்ட. அம்புட்டுத்தான."

"ஜமாஅத்துல பேர அவுகளுக்குன்னு எழுதுனதுங்க."

"ஜமாஅத்துல நெட்டப் பத்தி ஒரு ஆளு வாயத் தொறக்கல."

நான் 13ஆம் தேதி எழுதிய அதே சொல். என் நியாயம் இவர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

"சரி, தப்புன்னே வையி. தீபாவளி வரைக்கும் கெடக்கட்டும். பெறகு சத்தங்காட்டாமக் குடுத்துருவோம். மதினிக்குத் தெரியவா போகுது?"

"தீபாவளிக்கு அக்கா கடை இருக்காதுங்க. பெருநாளோட சாத்தூர் ரோட்டுக்காரருக்குப் போகுது."

இவர் நிமிர்ந்து பார்த்தார். டீலர் கேட்பது இவருக்குத் தெரியாது. அக்கா சொல்லியிருக்கவில்லை. கொழுந்தனிடம் சொன்னால் உதவி கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பார்.

பாங்கு சொன்னார்கள். இவர் நோன்பு திறந்தார். கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "நாந்தான் பரக்கத்து பரக்கத்துன்னு பள்ளியில எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவ்வளவுதான். மஃரிப் தொழுகைக்குப் போய்விட்டார். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, வெள்ளி. நோன்பு 13

நேற்றும் இன்றும் செல்லை எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

மதியம் சாத்தூர் ரோட்டு டீலரின் ஆட்கள் வந்தார்கள். அக்கா கடையில் டேப் வைத்து அளந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்து ஒருவன், "ஏலே, இந்தச் சுவரு அரைக்கல்லுதான். பின்னால பக்கத்துக் கடையையும் பேசி முடிச்சா ஒடைச்சு ஒண்ணாக்கிறலாம்" என்றான். எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

ரிஸ்வானா காலேஜிலிருந்து வந்தவள், அவர்கள் டேப்பைச் சுருட்டும் வரை வாசலிலேயே பையோடு நின்றாள். உள்ளே போகவில்லை.

நாளை.

செப்டம்பர் 5, சனி. நோன்பு 14

காலையில் வானம் மூடி, தூறல் இல்லாமல் கலைந்தது. லுஹர் தொழுதேன். முஸல்லா விரிப்பை மடித்து வைத்துவிட்டு, ஆர்டர் நோட்டோடு நேராக அந்தப் பக்கம் போனேன். இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அக்கா கல்லாவில். ரிஸ்வானா கீழே உட்கார்ந்து கிஃப்ட் பாக்ஸுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கட்டும் என்று விட்டேன். எல்லாம் சொன்னேன். ஆட்டோவைப் பார்த்து நின்றது வரை.

அக்கா கத்தவில்லை. லேபிள் கட்டை எடுத்து ஓரம் தட்டிச் சமமாக்கினார். மறுபடி தட்டினார்.

ரிஸ்வானாதான்: "சின்னம்மா, லைன்மேன் வந்தப்ப நீங்க ஒங்க கல்லாவுலதான உக்காந்திருந்தீக?"

"ஆமாம்மா."

"எங்கம்மா அவருக்குக் காசு குடுத்தப்ப பாத்துக்கிட்டா இருந்தீக?"

"ஆமா."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்கா கேட்டார், "யாரு யாரு கூப்புட்டாக?"

சொன்னேன். ஆர்டர் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். ஓசூர் மருந்துக்கடைக்காரர். ஹைதராபாத் கம்பெனி. ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். பெங்களூர் வாத்தியார் என்றதும் தலை நின்றது.

"வாத்தியாரா? அவருகிட்ட என்ன சொன்ன?"

"மச்சான் மவுத்தானதச் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ரொம்ப வருத்தப்பட்டாருக்கா. நல்ல மனுஷன்னாரு. குடும்பத்துக்குச் சொல்லச் சொன்னாரு."

"சொல்லச் சொன்னாரா?"

"ஆமா."

"எப்ப?"

"போன வாரம் வெள்ளிக்கு."

"போன வாரம் வெள்ளி." அக்கா வெளியே தெருவைப் பார்த்தார். "ஆர்டர வச்சிக்கிட்டது கெடக்கட்டும் மைமூனு. அது யாவாரம். இதயுமா வச்சிக்கிட்ட?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேனா என்றுகூட இப்போது சரியாக நினைவில்லை. கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நம்பரக் குடு."

என் செல்லில் இருந்ததைப் பார்த்துச் சொன்னேன். அக்கா கடைப் போனிலிருந்து போட்டார். "வாத்தியாரய்யாவா? நான் குலாப் கடை பாயி சம்சாரம் பேசுறேன்." பிறகு நிறைய நேரம் அக்கா பேசவில்லை. "ஆமாங்க", "ஆமா, நோன்புலதான்", "நெஞ்சு வலின்னாக" மட்டும். முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் என்ன சொன்னாரோ, அக்கா சிரித்தார். "அம்புட்டெல்லாம் கொறைக்க முடியாதுங்கய்யா."

வைத்தார். முகம் கழுவி வந்தார். உட்கார்ந்ததும் வேறு ஆளாக இருந்தார், ஃபாக்டரியில் சரக்குப் பேசுகிற அக்காவாக.

"அந்த மிசினு எப்பக் கூப்புடும்?"

"கேட்ட ஒடனே."

"ரிஸ்வானா! வா. சின்னம்மா கம்ப்யூட்டர்ல போயி உக்காரு."

அவள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பின்னறையில் உட்கார்ந்து, தன் காலேஜ் மெயிலில் நுழைந்தாள். நான் அதற்கு முன்பே என் உரிமையை விட்டுவிட்டிருந்தேன். என் செல் நம்பர் போய், பழைய பொது லைன் நம்பரும், மறுபடி 'இது உங்கள் கடையா?' என்ற கேள்வியும் நெட் பக்கத்தில் நின்றன. அவளுக்கு எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினேன். அவள் கை என் கையைத் தொடாமல் நகர்ந்துகொண்டது.

இவர் கடை முன்னால் நின்றிருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் வர, "செத்த பொறுங்க" என்று அவரை வெளியிலேயே நிறுத்தினார்.

ரிஸ்வானா அமுக்கினாள். மணி அடித்தது. இரண்டு பக்கமும்.

எங்கள் போன் என் கைக்கு எட்டும் தூரத்தில். கை தன்னால் போனது. இழுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரிசீவர் எடுக்கும் சத்தம். பிறகு அக்கா குரல், மிஷினிடமே: "ஏம்மா, மெதுவாச் சொல்லு, மெதுவா."

கொஞ்ச நேரத்தில் அக்கா பேனாவும் கையுமாக வந்தார். எண்ணை உள்ளங்கையில் எழுதியிருந்தார். விரலை மடக்கி வைத்திருந்தார்.

நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். "சொல்லுங்கக்கா, சரியா இருக்கான்னு..."

"வேணாம்." சத்தமாகச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. ஒரு பொருளை எடுத்து வைக்கிற மாதிரி சொன்னார். "மைமூனு, நீ செத்த அந்தப் பக்கம் திரும்பிக்க."

திரும்பிக்கொண்டேன். அட்டைப்பெட்டிகள். எனக்குப் பின்னால் அக்கா மகளிடம் கையை விரித்திருப்பார். ரிஸ்வானா ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. எத்தனை தட்டு என்று எண்ணவில்லை.